மூன்றரை மணி பஸ்ஸில் போன ஸ்கூப்

என் செய்தியில் செத்துப்போயிருந்த மனிதர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசி மாதத்து விடியற்காலை. இரவெல்லாம் கொட்டிய மழை விட்டுத் தூறல் மட்டும் மிஞ்சியிருந்தது. தொண்டைமானாற்றுச் சந்தியில், தேநீர்க் கடைக்கு முன்னால், பேப்பர்க் கட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. முதல் பிரதியை நான்தான் உருவி எடுத்தேன். நனைந்த சாக்கு மணமும் அச்சு மை மணமும் சேர்ந்து அடித்தன. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் என் செய்தி கிடந்தது. ‘வள்ளம் உடைந்து நால்வர் பலி.’ அதன் கீழே ‘எமது தொண்டைமானாறு நிருபர்.’ அந்த நிருபர் நான். பகலில் பள்ளிக்கூட வாத்தியார், மற்ற நேரமெல்லாம் பேப்பர்க்காரன்.

நான்கு பெயர்களையும் ஒருமுறை வாசித்தேன். அச்சில் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது வெட்கம் கெட்டது. சாவுச் செய்தி என்றாலும் வரும். நான்காவது பெயர் இராசையா, வயது முப்பது.

நிமிர்ந்து பார்த்தேன். சந்தியின் மறுபக்கத்தில் வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, குடையில்லாமல் இராசையா நிற்கிறார்.

“என்ன மாஸ்ரர், வெள்ளண வந்திட்டியள்” என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

பேப்பரை மடித்துக் கக்கத்தில் செருகினேன். “இராசையா, நீர் எங்கை போறீர்?”

“சாவகச்சேரிக்கு. பவளம் ஆஸ்பத்திரியிலை எல்லோ. மாமியும் அங்கைதான் நிக்கிறா. குணத்தின்ரை விஷயத்தை ஆரேன் நேரை போய்ச் சொல்ல வேணும். வேறை ஆக்கள் சொல்லி அவை அறியக்கூடாது.”

“குணமோ?”

“ஓம். எனக்குப் பதிலா அவன்தானே போனவன்.”

குணம் என்ற குணரத்தினம் அவருடைய மனைவி பவளத்தின் ஒரே தம்பி. பத்தொன்பது வயது. கக்கத்தில் இருந்த பேப்பர் சுட்டது என்று எழுதினால் மிகை என்பீர்கள். எனக்குச் சுட்டது.

வாயில் மட்டும் இருந்த சொல்

இந்தத் தொடரை வாசிக்கும் சிலர் கேட்டு எழுதுகிறார்கள். ‘ஸ்கூப், ஸ்கூப் என்று வாரத்துக்கு வாரம் எழுதுகிறீர்களே, அதற்கு ஒரு தமிழ்ச் சொல் இல்லையா?’ நியாயமான கேள்வி.

நான் நிருபராகச் சேர்ந்தது, தனிச் சிங்கள மொழிச் சட்டம் வந்து ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில். எங்கள் செய்தி ஆசிரியருக்குத் தமிழ்ப் பற்று தலைக்கு ஏறியிருந்தது. எழுதி அனுப்பும் செய்தியில் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். கமிட்டி என்று எழுதியதற்காக நான் அரைப் பக்கத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அதே மனிதர், நகரத்தில் இருந்த பேப்பர்க் கந்தோரில் நாங்கள் மாதக் கூட்டத்துக்குப் போய் வாங்கில் உட்காருமுன்னரே கேட்பார்: “இண்டைக்கு ஆரிட்டை ஸ்கூப் இருக்கு?”

அந்தச் சொல் பேப்பரில் ஒருநாளும் வந்ததில்லை. வாயில்தான் வாழ்ந்தது. அச்சுக் கோப்பவர் சொன்னார், பியோன் சொன்னார், கந்தோருக்குத் தேநீர் கொண்டுவருகிறவரும் சொன்னார். ‘ஸ்கூப் அடிச்சிட்டான்’ என்றால் புகழ்ச்சி. ‘ஸ்கூப்பை விட்டிட்டான்’ என்றால் அந்த மாதம் முழுவதும் அவன் முகத்தில் ஈயாடாது. எங்களைப் போன்ற கிராமத்து நிருபர்களின் ஸ்கூப் என்ன பெரிய ஸ்கூப்? கோவில் தேரின் அச்சு முறிந்தது, அச்சுவேலிச் சந்தையில் மாடு மிரண்டு கூடாரத்தைச் சாய்த்தது, பள்ளிக்கூடக் கூரையில் புடையன் பாம்பு. ஆனாலும் மற்றப் பேப்பரில் வருவதற்கு முதல்நாள் எங்கள் பேப்பரில் வந்துவிட்டால் அது ஸ்கூப். செய்தி ஆசிரியர் ஒரு போஸ்ட்காட் போடுவார்: ‘நல்ல ஸ்கூப். தொடர்க.’ அப்படி ஒன்பது போஸ்ட்காட் என் மேசை லாச்சியில் இருந்தன.

வீட்டிலும் அது புழங்கியது. நான் பிந்திப் போனால் மனைவி சொல்லுவாள்: “சோறு ஆறிப்போச்சு. இதையும் ஸ்கூப் எண்டு எழுதி அனுப்புங்கோ.”

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. அந்தச் சொல்லுக்கு ‘முந்தி’ என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்கவில்லை. சரியா, பிழையா, யாருக்கு முதலில் தெரியவேண்டும் என்ற எந்தக் கேள்வியும் அதற்குள் இல்லை. அதனால்தானோ என்னவோ, தமிழில் அதற்கு ஒரு சொல் தேட நாங்கள் ஒருவரும் மெனக்கெடவில்லை.

நாளைப் பேப்பர்

எனக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். வேலையிலிருந்து இளைப்பாறிய டிஸ்பென்சர், மற்றப் பேப்பரின் நிருபர். மருந்து கலந்து கொடுத்துப் பழகிய கையல்லவா, எதிலும் அவசரம் கிடையாது. யார் வீட்டில் என்ன நடந்தாலும் போய் இருப்பார், தேநீர் குடிப்பார், வந்த விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் கதைப்பார். பிறகுதான் கொப்பியைத் திறப்பார். அவருடைய செய்தி எப்போதும் ஒரு நாள் பிந்தும். நான் அவருக்கு ‘நாளைப் பேப்பர்’ என்று பட்டம் வைத்திருந்தேன். சந்தியில் கண்டால், “என்ன டிஸ்பென்சர் ஐயா, முந்தநாள் நடந்தது நாளைக்கு வருமோ?” என்று சீண்டுவேன். சிரித்துக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போய்விடுவார்.

எங்கள் செய்தியெல்லாம் பஸ்ஸில்தான் போகும். ஒரு நீளக் கடித உறையில் போட்டு, மூன்றரை மணி பஸ் கொண்டக்ரர் கையில் கொடுத்தால், அவர் தோல்பைக்குள் செருகிக்கொண்டு போவார். நகரத்தில் பியோன் வந்து வாங்கிக்கொள்வார். மூன்றரையைத் தவறவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், செய்தி ஒருநாள் கிழடாகிவிடும்.

அழாத வீடு

பஸ்ஸுக்கு நின்றோமே, அதற்கு முதல்நாள் மத்தியானம்தான் வள்ளம் கரைக்கு வந்தது. முழுதாக அல்ல. முன்புறத்து அணியத்தில் ஒரு துண்டு, மயில் கீறியிருந்த பலகை, அறுந்த பாய். மயிலைக் கண்டதும் யாருடைய வள்ளம் என்று கரை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி இருக்கும். காற்று நின்றபாடில்லை. மூன்று வீட்டுப் பெண்கள் மணலில் விழுந்து கிடந்து அழுதுகொண்டிருந்தார்கள். மூன்று வீட்டையும் எனக்குத் தெரியும். அந்தக் கரையில் எந்த வள்ளத்தில் எந்த நாலு பேர் போவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அதில் எனக்கு ஒரு பெருமை. மயில் வள்ளத்தில் நாலாவது ஆள் இராசையா.

இராசையா வீட்டிலிருந்து ஒருவரும் அழ வந்திருக்கவில்லை. காரணமும் எனக்குத் தெரியும். அவர் மனைவி பவளத்துக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்த உடனே தவறிப்போயிருந்தன. மூன்றாவதை எப்படியும் காப்பாற்ற வேண்டும் என்று, கைராசிக்காரி என்று பெயர் எடுத்த ஒரு மருத்துவச்சியை நம்பி, தாய் செல்லம்மா அவளைச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. ஆகவே அழ ஆள் இல்லை. என் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது.

டிஸ்பென்சரும் வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து, “மாஸ்ரர், வீட்டுக்காரரைக் கேட்டுப்போட்டு அனுப்புவம்” என்றார்.

“மூண்டு வீடும் முன்னாலை கிடந்து அழுகுது. நாலாவது வீடு பூட்டு. ஆரைக் கேக்கிறது?” என்றேன்.

“ஒருக்காச் சந்நிதிக் கோவில் பக்கம் போனால் ஆரேன் சொல்லுவினம்.”

மூன்று மணி தாண்டிவிட்டது. பிந்துகிறவன் என்னையும் பிந்த வைக்கப் பார்க்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு கவிழ்த்த தோணியில் காகிதத்தை வைத்து, நாலு பெயரையும் வயதோடு எழுதினேன். காகிதத்தில் மழைத்துளி விழுந்து ஒரு பெயர் கலைந்தது. அதைத் திரும்ப எழுதினேன். சைக்கிளை உழக்கிச் சந்திக்கு வர, பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கையைத் தட்டி மறித்து உறையைக் கொடுத்தேன்.

அது கந்தசஷ்டியின் நாலாம் நாள். கரைக்கு வரும் வழியில் செல்வச்சந்நிதிக் கோவிலைத் தாண்டித்தான் வந்தேன். ஈர வேட்டியோடு விரதகாரர் மடத்தில் வரிசையாக இருந்ததைக் கண்டேன். அந்த வரிசையில் இராசையா இருந்திருக்கிறார். பிள்ளை தங்க வேண்டும் என்று ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து, கோவிலிலேயே கிடந்து விரதம் பிடித்துக்கொண்டிருந்தார். விரதகாரர் கடலுக்குப் போவதில்லை. அப்படிப்பட்ட நாளில் வள்ளத்தில் அவருடைய இடத்துக்கு வெளியாள் போவதில்லை, வீட்டு ஆண் ஒருவன்தான் போவான். இது அந்தக் கரை முழுவதும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். நான் அதை நினைக்கவேயில்லை.

குணம் மச்சானுக்காகப் போனான். அவனுக்காகக் கரையில் அழ வேண்டிய இரண்டு பேரும் சாவகச்சேரியில் இருந்தார்கள்.

சாவகச்சேரிக்கு

ஏழு மணி பஸ்ஸில் நானும் ஏறினேன். இராசையா காரணம் கேட்கவில்லை. செத்தவீடு சொல்லப் போகிறவனுக்குத் துணையாக வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

அச்சுவேலியில் இறங்கி பஸ் மாறினோம். வெள்ளம் வீதியை மூடியிருந்தது. பஸ் ஊர்ந்தது. அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. பேப்பரை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர். நாலாவது பெயருக்கு வர நேரம் எடுத்தது. வந்த பிறகும் விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

“இது சாவகச்சேரிக்கும் போயிருக்குமோ, மாஸ்ரர்?”

“விடிய முதல் போயிருக்கும்.”

யன்னல் வழியே வெள்ளத்தைப் பார்த்தார். “பவளத்துக்கு நல்லா வாசிக்கத் தெரியும்” என்றார். “நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்.”

எனக்குப் பவளத்தின் வயிறுதான் நினைவில் நின்றது. நேற்று எழுதிய ஒரு பெயர் இன்றைக்கு இன்னும் எத்தனை உயிரைக் கொண்டுபோகுமோ என்று பயந்தேன். இந்தப் பயத்தை நான் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி. வார்ட்டு வாசலில் என் கால் நின்றுவிட்டது. இராசையா உள்ளே போனார்.

பவளம் கட்டிலில் இருந்தாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. பொட்டு இல்லை. தாயின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். செல்லம்மா அவள் முதுகைத் தடவித் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தார்: “வயித்திலை இருக்கிறதை நினை, பிள்ளை. அதை நினை. நான் இருக்கிறன். குணம் இருக்கிறான். உன்னை விடுவமோ?”

தலையணைக்குப் பக்கத்தில் எங்கள் பேப்பர் கிடந்தது. யாரோ பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவர் கொண்டுவந்ததாம். காலை ஏழு மணியிலிருந்து அவள் விதவை.

இராசையாவைக் கண்டதும் முதலில் அவளுக்கு ஆள் பிடிபடவில்லை. பிறகு எழும்பினாள். அந்தப் பெரிய வயிற்றோடு, பிடிக்க வந்த தாயின் கையைத் தட்டிவிட்டு எழும்பி, அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். வார்ட்டு முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தமாகச் சிரித்தாள். “முருகா, முருகா. பொய் எழுதியிருக்கிறாங்கள் அம்மா. இஞ்சை பாருங்கோ, நிக்கிறார், நிக்கிறார்.”

செல்லம்மாவும் சிரித்தார். ஒரு கணம்தான். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கிவிட்டது. பேப்பரைப் பார்த்தார். மருமகனுடைய கையில் விரதக் காப்பு இருந்ததைப் பார்த்தார்.

“நாலு பேர் எண்டுதானே வாசிச்சவை” என்றார். “அப்ப ஆர் போனது?”

இராசையா தலையைக் குனிந்தார்.

பவளத்துக்கு அந்தக் கேள்வி கேட்கவேயில்லை. புருஷனின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா மருமகனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னையும் பார்க்கவில்லை. சிரிக்கிற மகளைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். எழுதத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு, ஆனால் அதை எழுத எனக்குத் தெரியாது.

திருத்தி வாசிக்கவும்

அடுத்தநாள் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. சுகமாகத் தங்கிவிட்டது. மற்ற மூவரும் இரண்டு மூன்று நாளில் கரை ஒதுங்கினார்கள். குணம் வரவேயில்லை.

பேப்பரில் இரண்டு வரி வந்தது. ‘நேற்றைய செய்தியில் இராசையா என்றிருப்பதைக் குணரத்தினம் எனத் திருத்தி வாசிக்கவும்.’ அதே நாள் மற்றப் பேப்பரில் டிஸ்பென்சரின் செய்தி சரியான நாலு பெயரோடு வந்தது. வள்ளம் கரைக்கு வந்த அன்றைக்கே பின்னேரம் சந்நிதிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். என்னைச் சந்தியில் கண்டபோது அவர் அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செய்தி ஆசிரியரின் போஸ்ட்காட் வந்தது. ‘பெயர் மாறியது வருந்தத்தக்கது. ஆயினும் நாம் ஒரு நாள் முந்திவிட்டோம். ஸ்கூப் ஸ்கூப்தான்.’ அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பழைய ஒன்பது போஸ்ட்காட்டையும் அடுப்பில் போட்டேன். இதை மட்டும் வைத்திருக்கிறேன்.

செல்லம்மா பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை மகளுக்கு எல்லாம் செய்தார். சரக்குத்தூள் இடித்தார், பத்தியக் கறி காய்ச்சினார், பிள்ளையைக் குளிப்பாட்டினார். மகளோடு மட்டும் பேசவில்லை. சொல்ல வேண்டியதைக் கைப்பிள்ளையிடம் சொல்லுவார்: “கொம்மாவைச் சாப்பிடச் சொல்லு.” பிள்ளை வளர்ந்து பேசத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். ஒரே வளவு, ஒரே கிணறு. “அவ கோவிக்கேல்லை, மாஸ்ரர். கதைக்கேல்லை, அவ்வளவுதான்” என்று இராசையா ஒருமுறை சொன்னார்.

பவளம் என்னிடம் அதைப்பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினாள். சில வருஷம் கழித்து, கோவில் வாசலில். அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்கள் பேர் போடாமல் விட்டிருந்தால் நானும் அம்மாவும் ஒண்டாய் இருந்து அழுதிருப்பம். என்னைச் சிரிக்க வைச்சிட்டியள்.”

இரண்டு பெயர்

வருஷங்கள் போயின. பஸ்ஸில் போன செய்தி ரெலிபோனில் போகத் தொடங்கியது. செய்தி ஆசிரியர் காலமானார். அவருடைய கதிரையில் இளைஞர்கள் வந்தார்கள், சொல் மட்டும் மாறவில்லை. மாறியது செய்தி. வீதியோரம் சுடப்பட்டுக் கிடந்தவன், விடியற்காலை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவன். “அண்ணை, ஸ்கூப் ஏதேன்? பேர் கிடைச்சுதோ?” என்று கேட்பார்கள்.

“வீட்டுக்காரருக்குத் தெரியுமோ எண்டு பாத்திட்டுத் தாறன்” என்பேன்.

மறுமுனையில் சிரிப்பது கேட்கும். நான் நாளைப் பேப்பராகிவிட்டேன். டிஸ்பென்சர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அந்த நாட்களில் ஒருநாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், பவளம் என் வீட்டுக்கு வந்தாள். செத்தவீட்டுப் பெண் தன் வீட்டுப் படலையைத் தாண்டி வெளியே வருவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. வந்தாள். தலையில் பாதி நரை.

“அம்மா விடிய மோசம் போட்டா. மரண அறிவித்தல் குடுக்க வேணும்.”

நான் காகிதம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஊர், வயது, தகப்பன் பெயர், கிரியை நேரம். மனப்பாடமாகத் தெரிந்ததையும் கேட்டேன். பிள்ளைகளின் பெயரை மட்டும் கேட்கவில்லை. அது தெரியாதா? ‘பவளம், காலஞ்சென்ற குணரத்தினம் ஆகியோரின் அன்புத் தாயாரும்’ என்று எழுதி, காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் முழுவதையும் வாசித்தாள். பிறகு தன் பெயரில் விரலை வைத்தாள்.

“இதை எடுத்துவிடுங்கோ.”

“பிள்ளை, பெத்த மகள். கடைசிவரையும் வைச்சுப் பாத்தது நீர்தானே.”

“பாத்தது நான்தான். ஆனால் அவவுக்கு அவன் ஒருத்தன்தான், மாஸ்ரர். ராத்திரியும் என்ரை மகனிட்டை இதைத்தான் சொன்னவ.”

அவள் காத்திருந்தாள். அந்தப் பெயரை வெட்டினேன். வேறொரு காகிதத்தில் முழுவதையும் புதிதாக எழுதி, ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘அன்னார் காலஞ்சென்ற கதிர்காமுவின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற குணரத்தினத்தின் அன்புத் தாயாரும் ஆவார்.’

பவளம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“ஓம், சரி” என்றாள். “இந்த முறை பிழை இல்லை.”